பழைய கேட்டலினா 22: கீலிலிருந்து தொடங்கிய வேலை

பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியதும் கை தானாகப் பாலிஷ் டப்பாவைத்தான் தேடும். மங்கிப்போன வெள்ளை உடம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிறைவு கிடைக்கும். நான் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். முதலில் படகுக்குள் தண்ணீர் புகக் காரணமாகக்கூடியவை. அடுத்து தலையில் விழக்கூடியவை. அப்புறம் ரோட்டில் கழன்று ஓடக்கூடியவை. எங்கள் படகில் இந்த வரிசையில்தான் வேலை நடந்தது. முதல்முறையாகப் படகு வாங்குகிறவர்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் இந்த வரிசையைத்தான்.

படகு 1978-இல் கட்டிய கேட்டலினா 22. ஃபிராங்க் பட்லர் கலிபோர்னியாவில் தொடங்கிய கேட்டலினா யாட்ஸ் நிறுவனத்தின் முதல் மாடல். 1969-இல் வரைந்த படகு. பதினைந்தாயிரத்துக்கும் மேல் கட்டிவிட்டார்கள். நீளம் இருபத்தொன்றரை அடி, அகலம் ஏழடி எட்டங்குலம், எடை சுமார் 1,000 கிலோ. பெரிய காரோ பிக்கப் வண்டியோ இருந்தால் ட்ரெய்லரில் வைத்து இழுத்துப் போகலாம், தனி அனுமதி எதுவும் வேண்டாம். படகின் அடியில் 550 பவுண்டு, அதாவது 250 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புத் தகடு ஒன்று தொங்குகிறது; கீல் (keel) என்பது அதுதான். அதை மேலே தூக்கிக்கொண்டால் இரண்டடித் தண்ணீர் போதும். கீழே இறக்கினால் ஐந்தடி ஆழம் வேண்டும்.

இந்த மாடலைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், இதற்கு உதிரிபாகம் இன்னமும் கிடைக்கிறது. கேட்டலினா டைரக்ட் என்ற கடையில் கீலைத் தாங்கும் பின் (pin) முதல் ஜன்னல் ரப்பர்வரை இந்தப் படகுக்கென்றே செய்து விற்கிறார்கள். பழைய படகில் அழகைவிட, வடிவமைப்பைவிட, ஏன் விலையைவிடவும் இது முக்கியம் என்று நினைக்கிறேன். நிறுவனம் மூடிப்போன ஒரு மாடலை இலவசமாகவே கொடுத்தாலும், ஒரு சின்ன வார்ப்பு உடைந்தால் அதை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். இங்கே இருபது அடியும் அதற்கு மேலும் உள்ள படகுக்கு டைட்டில் பத்திரம் கட்டாயம். படகின் பின்பக்கம், வலது மேல் மூலையில் எச்.ஐ.என் என்ற பன்னிரண்டு எழுத்து எண் பொறித்திருக்கும். 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய எல்லாப் படகுக்கும் அது உண்டு. கேட்டலினா என்றால் முதல் மூன்று எழுத்து சி.டி.ஒய். அந்த எண்ணும் பத்திரத்தில் இருக்கிற எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுத்தேன். ட்ரெய்லருக்குத் தனிப் பத்திரம். ‘பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சரி, கீலுக்கு வருவோம்.

கேட்டலினா 22-இன் கீல் முன்பக்கத்தில் ஒரே ஒரு பின்னில் தொங்குகிறது. ஒரு அங்குல விட்டமுள்ள வெண்கலப் பின் அது. பின்னின் இரண்டு நுனியையும் இரண்டு உலோகப் பிடிகள் தாங்குகின்றன. அந்தப் பிடிகள் நான்கு போல்ட்டுகளால் படகின் அடியில் முடுக்கியிருக்கின்றன. கீலின் பின்புறத்தில் ஒரு ஸ்டீல் கேபிள். அது படகின் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே வந்து, படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற கைவின்ச்சில் சுற்றிக்கொள்கிறது. மொத்த அமைப்பும் இவ்வளவுதான். ஆனால் படகு சாயும்போது அதை நிமிர்த்துவது இந்த 250 கிலோதான், அந்த எடை முழுவதும் ஒரு பின்னையும் நான்கு போல்ட்டையும் நம்பியிருக்கிறது. முந்தைய உரிமையாளர் கீலைக் கழற்றியதாக எந்தத் தடயமும் இல்லை. நாற்பது வருடத்துக்கும் மேலாகக் கண்ணில் படாத பின்னை நம்பி ஏரிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

கழற்றுவதற்குப் படகை ட்ரெய்லரிலிருந்து தூக்க வேண்டும். கிரேன் தேவையில்லை. ஆறங்குலச் சதுர மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கோபுரம் மாதிரி கட்டி, ஜாக்கால் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்குவது, கட்டை வைப்பது, மறுபக்கம் போவது. ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கடைசியில் ட்ரெய்லரை முன்னால் உருவிவிடலாம். இதில் எனக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி இருந்தது: படகு ஜாக்கின் மேல் மட்டும் நிற்கும்போது அதன் அடியில் யாரும், ஒரு கையைக்கூட, நீட்டக்கூடாது. எடை முழுவதும் கட்டையில் உட்கார்ந்த பிறகுதான் அடியில் போகலாம்.

பிறகு கீலுக்குக் கீழே உருளைகள் பொருத்திய ஒரு தட்டு, அதன்மேல் ஜாக். கீலின் எடையை ஜாக் வாங்கிக்கொண்டதும் கேபிளைத் தளர்த்திக் கழற்றினேன். அடுத்து அந்த நான்கு போல்ட்டுகள். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்து ஊறவிட்டிருந்தேன். இங்கே அவசரப்படக்கூடாது. போல்ட்டுகள் மேலே ஃபைபர்கிளாஸுக்குள் புதைத்த உலோகத்தில் வெட்டிய மரையில் ஏறியிருக்கின்றன. மரை நைந்தால் படகின் அடியையே வெட்டித் திறக்க வேண்டிவரும். கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று திரும்ப முடுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தி. நான்கும் முழுசாக வந்தன.

பின்னைத் துடைத்துக் கையில் எடுத்தபோது கழற்றியது நல்லது என்று தெரிந்தது. இரண்டு ஓரமும் பழைய கனத்தோடு இருந்தன. நடுவில், கீல் உட்காரும் இடம் தேய்ந்து, நகத்தால் தடவினாலே படி தட்டுப்பட்டது. அலையில் படகு ஆடும்போதெல்லாம் ‘டொக், டொக்’ என்று சத்தம் வரும் என்று விற்றவர் சொன்னது இதனால்தான். கீலுக்கும் பிடிக்கும் இடையே பக்கவாட்டில் ஆட்டம் இருந்தாலும் அந்தச் சத்தம் வரும். அதற்கு இரண்டு பக்கமும் வாஷர் கொடுத்து இடைவெளியைக் குறைக்கிறார்கள்.

டெட்ராய்ட் பக்கம் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காலிப்பரை உள்ளே விட்டுக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்துவிட்டு நிமிர்ந்தார்.

“அண்ணா, பின்னை மட்டும் மாத்தினா பத்தாதுங்க. இரும்புல இருக்கற ஓட்டையே கோணிப்போச்சு. கொஞ்சம் பெரிசா போர் பண்ணி வெண்கல புஷ் போட்டுக்கலாம்.”

“அவ்வளவு கனத்தை மெஷின்ல ஏத்த முடியுமா தம்பி?”

“எஞ்சின் பிளாக்கே ஏத்தறோம். இதென்னங்ணா. ஓட்டை மட்டும் கீலுக்கு நேர் செங்குத்தா வரணும், அதுதான் கணக்கு.”

அதுதான் கணக்கு என்பது முழுக்கச் சரி. ஓட்டை ஒரு டிகிரி சாய்ந்தாலும் ஐந்தடி கீழே கீலின் நுனி ஓர் அங்குலம் விலகிப்போகும். படகு ஒரு பக்கம் இழுக்கும், கீல் தன் பள்ளத்துக்குள் ஏறும்போது உரசும். அவர் கீலின் இரண்டு பக்கத் தட்டையையும் அளந்து, நடுக்கோட்டைப் பிடித்து, அதற்குச் செங்குத்தாக போர் போட்டுக் கொடுத்தார். புதிய பின் புஷ்ஷுக்குள் இறங்கும்போது விரலால் தள்ளினால் போகிற அளவு இறுக்கம்.

அடுத்தது துரு. இரும்பின் மேல் பழைய பெயின்ட், அதற்கு மேல் பட்டி, அதற்கும் அடியில் பக்குப் பக்காகத் துரு. சுத்தியலாலும் உளியாலும் தட்டி உதிர்த்து, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிச் சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். வார்ப்பிரும்பில் ஒரு சிக்கல் உண்டு. தேய்த்து முடித்த சில மணி நேரத்திலேயே ஈரக் காற்றில் மறுபடி ஆரஞ்சு நிறம் படரும். அதனால் வறண்ட நாளாகப் பார்த்து, தேய்த்தவுடனே மேலே எபாக்ஸிப் பிசினைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே கம்பி பிரஷ்ஷால் இரும்பின் மேல் அழுத்தித் தேய்த்தேன். காற்றுப் படாமலே புதிய துரு எபாக்ஸியோடு கலந்து வந்துவிடும், பிடிப்பும் நன்றாக இருக்கும். அதன்மேல் பட்டி, அதன்மேல் தண்ணீர் புகாத எபாக்ஸி பூச்சு. கோட்டிங்கைத் தடிமனாக ஏற்ற ஆசை வரும், ஏற்றக்கூடாது. கீல் உள்ளே போய் உட்காரும் பள்ளத்தில் இடைவெளி கொஞ்சம்தான். பட்டி போட்டுப் போட்டுத் தடித்துப்போன கீல் ஒருநாள் உள்ளே மாட்டிக்கொண்டு இறங்க மறுக்கும்.

கேபிள், அது திரும்பும் உருளை, ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். இதில் பலர் கண்டுகொள்ளாமல் விடுவது ஹோஸை. அது வெறும் கேபிளுக்கான உறை இல்லை. அதற்குள் ஏரித் தண்ணீர் நிற்கிறது. ஹோஸ் வெடித்தால் கேபினுக்குள் வெள்ளம். எங்களுடையதில் கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் விண்டிருந்தது. விரலால் வளைத்தபோது விரிசல் வாய் திறந்தது. புதிய ஹோஸுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப். பழைய வின்ச்சையும் மாற்றினேன். அதில் பிரேக் கிடையாது, பல் நழுவினால் கைப்பிடி அசுர வேகத்தில் சுழன்று மணிக்கட்டை உடைத்துவிடும். பிரேக் உள்ள வின்ச்சில் கையை எடுத்தாலும் கீல் அங்கேயே நிற்கும்.

அடுத்து, சிங்க் தண்ணீர் வெளியேறும் வழி. படகின் அடியில் ஓட்டை, ஓட்டையில் வால்வு. யாரோ வீட்டுக் குழாய்க்குப் போடும் பித்தளை கேட் வால்வைப் பொருத்தியிருந்தார்கள். பித்தளையில் தாமிரமும் துத்தநாகமும் கலந்திருக்கும். தண்ணீரில் வருடக்கணக்கில் இருந்தால் துத்தநாகம் கரைந்துபோய், மிச்சமிருக்கும் உலோகம் ரோஸ் நிறமாகி, பிஸ்கட் மாதிரி பொடியும். கத்தியால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்களுடையது ரோஸ் நிறம். கைப்பிடியைத் திருகினேன், உள்ளே எதுவும் அசையாமல் கைப்பிடி மட்டும் சுற்றியது. அதைக் கழற்றிவிட்டு வெண்கல பால் வால்வு போட்டேன். கடையில் வாங்கும்போது பித்தளையா வெண்கலமா என்று கேட்டு வாங்குங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கீலுக்குச் சமமாக நேரம் தின்றது டெக். மேல்தளம் இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பிளைவுட் வைத்துச் செய்தது. அதனால் எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் டெக்கில் பொருத்தியிருக்கும் ஒவ்வொரு கொக்கிக்கும் கைப்பிடிக்கும் அந்தப் பிளைவுட்டைத் துளைத்துத்தான் போல்ட் போட்டிருக்கிறார்கள். போல்ட்டைச் சுற்றியுள்ள பசை காய்ந்து விட்டுப்போனால் மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி மரத்தை மக்கச் செய்யும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் டெக் முழுவதும் இரண்டங்குலத்துக்கு ஒரு தட்டு. முற்றிய தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற காது இருந்தால் போதும். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கணீரென்று கேட்கும், மக்கிய இடத்தில் சத்தம் உள்ளே அமுங்கிப்போகும். சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டேன். முன்பக்கக் கயிறு கட்டும் கொக்கியைச் சுற்றி ஒரு வட்டம், பாய்மரத்தின் அடியில் இன்னொன்று. இரண்டாவதுதான் கவலைக்குரியது. கேட்டலினா 22-இல் பாய்மரம் டெக்கின் மேலே நிற்கிறது. மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் இழுக்கும் இழுப்பு முழுவதும் சேர்ந்து அந்த ஒரு இடத்தைக் கீழ்நோக்கி அழுத்தும். அதற்கு நேர்கீழே கேபினுக்குள் ஒரு தூண் அந்தப் பாரத்தை வாங்குகிறது. நடுவில் மக்கிய மரம் இருந்தால் டெக் நசுங்கும், கம்பிகள் தொளதொளக்கும்.

மேல் தகட்டை மட்டும் வெட்டும் ஆழத்துக்கு ரம்பத்தை வைத்து, வட்டத்துக்கு வெளியே சதுரமாக வெட்டி, மூடியைப் பெயர்த்தெடுத்தேன். அந்த மூடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு அதையே ஒட்டப்போகிறோம். உள்ளே கறுப்பாக, கையால் பிழிந்தால் தண்ணீர் வருகிற மரம். உளியால் சுரண்டி, காய்ந்த மரம் வரும்வரை ஓரங்களை விரிவாக்கி, ஹீட்டரும் மின்விசிறியும் வைத்து நன்றாக உலரவிட்டேன். பிறகு மரைன் பிளைவுட் துண்டுகள், எபாக்ஸி.

எபாக்ஸி எங்கள் ஊர்ச் சரக்கு. வெஸ்ட் சிஸ்டம் செய்கிற கூஜன் பிரதர்ஸ் இருப்பது இதே மிச்சிகனின் பே சிட்டியில். 105 ரெசினுக்கு 205 வேகமான ஹார்டனர், 206 மெதுவானது; இரண்டுக்கும் கலவை விகிதம் ஐந்துக்கு ஒன்று. அவர்களுடைய பம்ப்பை வாங்கிக்கொண்டால் ரெசினில் ஓர் அழுத்து, ஹார்டனரில் ஓர் அழுத்து, அளவு சரியாக வந்துவிடும். கண்மதிப்பில் ஊற்றக்கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் அது கடைசிவரை முழுதாக இறுகவே இறுகாது. 206 கலந்த டப்பா அறை வெப்பத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கும், 205 பத்து நிமிடம்தான். கலந்ததை ஆழமான டப்பாவிலேயே வைத்திருந்தால் அதன் சூடே அதைக் கிளப்பி, புகைந்து, பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். அகலமான தட்டில் பரப்பிவிட்டால் நேரம் கிடைக்கும். இங்கே மார்ச் மாதக் குளிரில் கராஜ் 206-க்குத் தேவையான அறுபது டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டாது. 205 நாற்பதிலும் வேலை செய்யும். நான் அதைத்தான் எடுத்தேன், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன்.

எபாக்ஸி இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி வழுவழுப்பு படியும். அதைத் தண்ணீரும் சொரசொரப்பான பேடும் வைத்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்த வழுவழுப்பை உள்ளே தேய்த்து ஏற்றியதாகிவிடும், அடுத்த பூச்சு ஒட்டாது.

மக்காத இடங்களிலும் எல்லாக் கொக்கிகளையும் கழற்றி, ஓட்டைகளைத் தேவைக்கு மேல் பெரிதாக்கி, கெட்டியாக்கிய எபாக்ஸியால் அடைத்து, அது இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தேன். இனி அங்கே தண்ணீர் கசிந்தாலும் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. இந்த வேலைக்கு மிகுந்த பொறுமை வேண்டும். ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

திரும்பப் பொருத்தும்போது சீலன்ட் எது என்று பெரிய விவாதமே நடக்கும். என் தேர்வு பியூட்டைல் டேப். சாம்பல் நிறத்தில் சூயிங்கம் போல இழுபடும், காய்ந்து இறுகாது, என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றலாம். 3எம் 5200 மாதிரி நிரந்தரப் பசையை டெக் சாமான்களுக்குப் போட்டால் அடுத்த முறை கழற்றும்போது ஃபைபர்கிளாஸும் சேர்ந்து வரும். டேப்பைப் போடும் முறை இது. டெக் ஓட்டையின் விளிம்பைச் சரிவாகக் கொஞ்சம் சீவிவிட வேண்டும். போல்ட் தலைக்குக் கீழே டேப்பை மெல்லிய கயிறாக உருட்டிச் சுற்ற வேண்டும். போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து நட்டை மட்டும் முடுக்க வேண்டும். ஒரே மூச்சில் முடுக்கினால் டேப் முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். கொஞ்சம் முடுக்கிவிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம். ஓரத்தில் பிதுங்கியதைப் பிளாஸ்டிக் துண்டால் வழித்துவிடலாம்.

தலையில் விழக்கூடியவை என்றால் பாய்மரமும் அதைத் தாங்கும் கம்பிகளும். ஒவ்வொரு கம்பியும் பத்தொன்பது ஸ்டெயின்லெஸ் இழைகளை முறுக்கியது. நுனியில் குழாய் மாதிரி ஒரு இணைப்பை அழுத்திப் பூட்டியிருக்கும். கம்பி நடுவில் அறுவது அபூர்வம். இந்த நுனியில்தான் ஈரம் தங்கி, இழை ஒவ்வொன்றாக விடும். பஞ்சை எடுத்துக் கம்பி நெடுக உருவினால் அறுந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வெறும் கையால் உருவாதீர்கள். எங்கள் இடப்பக்கக் கம்பியின் அடியில் ஓர் இழை பஞ்சைப் பிடித்தது. ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான் என்று எல்லாக் கம்பிகளையும், அவற்றை இறுக்கும் டர்ன்பக்கிள்களையும் புதிதாக வாங்கினேன். இந்த மாடலுக்கு அளவெடுத்துச் செய்த செட்டாகவே கிடைக்கிறது.

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையை டெக்குக்கு அடியில் விட்டுவிட வேண்டும். அந்த உலோகத்தைக் காப்பது காற்றிலுள்ள ஆக்சிஜன் மேலே உண்டாக்கும் மெல்லிய படலம். டெக்கைத் துளைத்துப் போகும் இடத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. அங்கே உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். கம்பி மாட்டும் உலோகப் பட்டைகளைக் கழற்றி, தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்து ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். விரிசல் இல்லை. பியூட்டைல் டேப்போடு திரும்பப் போட்டேன்.

பாய்மரம் அலுமினியம், சுமார் இருபத்தைந்தடி. அதன் அடி கதவுக்கீல் போன்ற ஒன்றில் பொருந்தியிருப்பதால் சாய்த்து வைத்து நிமிர்த்தலாம். முன்பக்கம் ஒரு நீளக் குழாயை நெம்புகோலாக நிறுத்தி, பெரிய பாய்க்கான கப்பிக் கயிற்றையே மாட்டி இழுத்தால் ஒருவரே ஏற்றிவிட முடியும். ஏறும்போது இன்னொருவர் டர்ன்பக்கிள்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியிலிருக்கும் டி-போல்ட் திரும்பாமல் சிக்கிக்கொண்டால் நெம்புகோலின் பலத்தில் வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. இதையெல்லாம்விட முக்கியம்: படகு ட்ரெய்லரில் இருக்கும்போது மரத்தின் உச்சி தரையிலிருந்து முப்பதடிக்கு மேலே இருக்கும். ஏற்றுமுன் தலையைத் தூக்கி மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றிய பிறகு நகர்த்தப்போகும் வழி முழுவதையும் நடந்து போய்ப் பாருங்கள். பாய்மரப் படகுக்காரர்கள் உயிரை விடுவது தண்ணீரில் மட்டும் இல்லை, கரையில் மின்கம்பியைத் தொட்டும் விடுகிறார்கள்.

ட்ரெய்லர். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று சொல்லும். 3211 என்றால் 2011-இன் முப்பத்திரண்டாவது வாரம். எங்கள் டயர்களில் பட்டன் புதிதுபோல இருந்தது, பக்கங்களில் நுண்ணிய வெடிப்பு. படகு ட்ரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதில்லை, நின்று வயதாகின்றன.

“படகு அப்புறம் மிதக்கட்டும், முதல்ல அந்த டயரை மாத்துங்க” என்றாள் மனைவி. அவள் பயந்தது நெடுஞ்சாலைக்காக. நியாயமான பயம்.

டயரோடு சக்கர பெயரிங்குகளும் மாற்றினேன். ஓடிச் சூடான சக்கரத்தைக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். படகு ட்ரெய்லர்களில் பெயரிங் போவதற்கு இதுதான் பெரிய காரணம். பழைய கிரீஸைத் துடைத்தபோது அது காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்த கிரீஸ். கீல் உட்காரும் பலகையையும் புதிதாகப் போட்டேன். ரோட்டில் போகும்போது கீலின் எடை அந்தப் பலகையில் இருக்க வேண்டும், கேபிளில் தொங்கிக்கொண்டு குலுங்கக்கூடாது.

மோட்டார் பற்றி அதிகம் சொல்ல இல்லை. படகின் பின்னால் வெளியே மாட்டும், நீளத் தண்டுள்ள சின்ன அவுட்போர்டு. கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, குளிர்விக்கும் தண்ணீரை உள்ளே இழுக்கும் இம்பெல்லரை மாற்றினேன். ஓடும்போது பின்னால் பீய்ச்சும் மெல்லிய தண்ணீர்த் தாரை வந்தால் குளிர்விப்பு வேலை செய்கிறது என்று பொருள். கியர் ஆயில் பால் மாதிரி வந்தால் சீல் போயிருக்கிறது. எங்களுடையது சுத்தமாக வந்தது.

பாய்களை மிதமான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினோம். டேக்ரான் துணியைவிடத் தையல் நூல்தான் வெயிலுக்கு முதலில் பலியாகும். நகத்தால் கீறிப் பார்த்து, நூல் பொடியாக வந்த தையல்களை மட்டும் மறுபடி தைக்கக் கொடுத்தோம்.

படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பழைய ஆன்ட்டிஃபவுலிங் பெயின்ட். அதில் தாமிர ஆக்சைடு இருக்கும், தூசி நுரையீரலுக்கு நஞ்சு. உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தரையில் தார்ப்பாய் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டி, சுரண்டியதைச் சேர்த்து அபாயகரமான கழிவுகளை வாங்கும் இடத்தில் கொடுத்தேன். வடிகட்டி போட்ட முகமூடி இல்லாமல் ஒரு நிமிடம்கூட இந்த வேலையைச் செய்யக்கூடாது. திரும்ப ஆன்ட்டிஃபவுலிங் அடிக்கவில்லை. மாதக்கணக்கில் தண்ணீரிலேயே நிற்கும் படகுக்குத்தான் அது வேண்டும். மாலையில் ட்ரெய்லரில் ஏறி வீட்டுக்கு வரும் படகுக்கு எபாக்ஸி பூச்சு போதும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஜெல்கோட், அதாவது ஃபைபர்கிளாஸின் வெளிப் பூச்சு. 600, 800, 1000 என்று ஈரத்தில் உப்புத்தாள், அப்புறம் காம்பவுண்ட், அப்புறம் மெழுகு. பழைய வெள்ளை மறுபடி வந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

முதல் ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற செயின்ட் கிளேர் ஏரிக்குப் போகவில்லை. அதன் சராசரி ஆழம் பதினோரு அடிதான். ஆனால் 430 சதுர மைல் பரப்பு. ஆழம் குறைந்த பெரிய ஏரியில் காற்று ஏறினால் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். புதிய ஆளுக்கும் புதிதாக மாட்டிய பாய்மரக் கம்பிகளுக்கும் அது சரியான இடம் இல்லை. கென்சிங்டன் மெட்ரோபார்க்கில் உள்ள கென்ட் ஏரிக்குப் போனோம். எந்தப் பக்கம் போனாலும் கரை கண்ணில் இருக்கும்.

படகு ட்ரெய்லரை விட்டு மிதந்ததும் பாயை ஏற்றவில்லை. இறங்குதுறையிலேயே கட்டிவைத்துவிட்டு, டார்ச்சோடு உள்ளே போய் ஹோஸ், வால்வு, கீல் போல்ட் பகுதி ஒவ்வொன்றையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத கசிவைக்கூடக் காகிதம் காட்டிக்கொடுக்கும். எல்லாம் உலர்வாக இருந்தது. பிறகு கீலை இறக்கி, பெரிய பாயை ஏற்றினோம். காற்று கொஞ்சம் கூடியதும் படகு சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே உறுதியாக நின்றது. கீலிலிருந்து ‘டொக்’ சத்தம் வரவில்லை. பதிலாக வேகம் பிடித்ததும் அடியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். கேட்டலினா 22 வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த சத்தம் அது. ஓடும் தண்ணீரில் கீல் கேபிள் அதிர்வதால் வருவது, கோளாறு இல்லை. அந்த ஓசையைக் கேட்டபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

கரையேறியதும் ஒரு வேலை உண்டு, சட்டப்படியும் உண்டு. 2019 முதல் மிச்சிகனில் படகை ரோட்டுக்குக் கொண்டுவருமுன் அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும், ஒட்டிய நீர்ச்செடிகளை எடுத்துவிட வேண்டும். வட அமெரிக்காவையே தொல்லைப்படுத்தும் ஸீப்ரா சிப்பி 1988-இல் முதலில் கண்ணில் பட்டது இதே செயின்ட் கிளேர் ஏரியில்தான். இப்படித் தூக்கி இறக்கும் கீல் உள்ள படகில் கீலின் பள்ளத்துக்குள் செடி போய் ஒளிந்துகொள்ளும். ட்ரெய்லரில் வைத்தபடியே கீழிருந்து ஹோஸ் பைப்பால் அழுத்தமாகத் தண்ணீர் அடித்து, கையாலும் துழாவி எடுக்கிறேன்.

ஜன்னல்கள் மிச்சமிருக்கின்றன. பின்பக்க ஜன்னலின் கீழ் ஓரத்தில் பலமான மழைக்குப் பிறகு ஒரு கோடாக ஈரம் தெரிகிறது. ஃபிரேமைக் கழற்றி, பழைய ரப்பரைச் சுரண்டி, கண்ணாடியைப் புதிய ரப்பரில் உட்காரவைக்க வேண்டும். ரப்பர் செட் வாங்கி வைத்தாயிற்று. அக்டோபரில் பாய்மரத்தை இறக்கியதும் இடப்பக்க ஜன்னலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.